மாடல் ரயிலுக்கு டிஜிட்டல் கன்ட்ரோல்: எந்த செட்டை வாங்குவது?

கேள்வி:

வணக்கம். டொரண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறேன். வீட்டு பேஸ்மென்டில் ‘ப’ வடிவத்தில் ஒரு எச்.ஓ. (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு) லேஅவுட் கட்டியிருக்கிறேன். நடுப்பகுதி 14 அடி, இரண்டு பக்கமும் 8 அடி. ஒரு முனையில் ரயில் சுற்றித் திரும்பி வர ஒரு லூப் உண்டு. இதுவரை பழைய டி.சி. பவர் பேக், பன்னிரண்டு பிளாக் ஸ்விட்ச். நானும் 13 வயது மகளும் ஆளுக்கொரு ரயில் ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே யாராவது ஒரு ஸ்விட்ச்சை மறந்துவிடுவோம், ஒருவர் நாபைத் திருப்ப இன்னொருவர் ரயில் ஓடும். புதிதாக வாங்கிய வயா ரயில் எஃப்-40 சவுண்ட் இன்ஜின், நாபைப் பாதி திருப்பும்வரை நகரவே மாட்டேன் என்கிறது. டி.சி.சி. என்கிற டிஜிட்டல் கன்ட்ரோல் முறைக்கு மாறிவிடலாம் என்று இருக்கிறேன். கடைக்காரர் என்.சி.இ. பவர் கேப் வாங்கச் சொல்கிறார். பிக்கரிங்கிலிருந்து சனிக்கிழமைகளில் வரும் நண்பர் டிஜிட்ராக்ஸ் வைத்திருக்கிறார், அதுவே நல்லது என்கிறார். மகளோ டி.சி.சி.-ஈ.எக்ஸ். போதும், போனிலேயே ஓட்டலாம் என்கிறாள். தெரிந்தவர் ஒருவர் பாக்மன் ஈ-இஸட் கமாண்ட் ஒன்றை 50 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். என் பட்ஜெட் 600 டாலர். பழைய இன்ஜின்கள் எட்டு இருக்கின்றன, அத்தனைக்கும் டிகோடர் என்கிற சின்ன சர்க்யூட் போட வேண்டுமா? என்ன வாங்கலாம், சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: டிஜிட்ராக்ஸ் ஸெஃபர் எக்ஸ்பிரஸ் வாங்குங்கள். என்னிடம் டிகோடர் பொருத்தவும் வயரிங் சரிபார்க்கவும் வருகிறவர்கள் பொதுவாகக் கேட்டால் நான் பவர் கேப் பக்கம்தான் சாய்வேன். உங்களுக்கு மட்டும் மாற்றிச் சொல்வதற்குக் காரணம் அந்தப் பிக்கரிங் நண்பர். அதை விளக்குவதற்கு முன்னால் எஃப்-40 ஏன் அடம்பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பழைய டி.சி. முறையில் நாபைத் திருப்பினால் தண்டவாளத்தின் வோல்டேஜ் 0-விலிருந்து 12 வரை ஏறும், மோட்டார் அதற்கேற்ப வேகம் எடுக்கும். தண்டவாளத்தில் நிற்கிற எல்லா இன்ஜினுக்கும் அதே வோல்டேஜ்தான். அதனால்தான் பிளாக் பிளாக்காகப் பிரித்து ஸ்விட்ச் போட வேண்டியிருக்கிறது. டி.சி.சி.-யில் தண்டவாளத்தில் எந்நேரமும் முழு வோல்டேஜ் இருக்கும், எச்.ஓ.-வுக்கு சுமார் 14, 15 வோல்ட். அது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றங்களின் நேர அளவில்தான் கட்டளை ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோசெகண்ட் என்றால் அது ‘1’. 100 அல்லது அதற்கு மேல் என்றால் ‘0’. இன்ஜினுக்குள் இருக்கிற டிகோடர் இதைப் படித்து, தன் நம்பருக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாருக்கும் விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும்.

உங்கள் எஃப்-40-க்குள் ஏற்கெனவே ஒரு சவுண்ட் டிகோடர் இருக்கிறது. டி.சி.யில் ஓட்டும்போது முதல் ஆறேழு வோல்ட் அந்த டிகோடர் விழித்துக்கொள்ளவும் இன்ஜின் சத்தத்தைக் கிளப்பவும் போய்விடுகிறது. மிச்சம் இருப்பதுதான் மோட்டாருக்கு. இன்ஜினில் கோளாறு எதுவும் இல்லை, கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம்.

இந்த முறை ஜெர்மனியின் லென்ட்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. அதை எடுத்து 1990-களில் பொதுத் தரமாக்கியது. அந்தத் தரம் எதை உள்ளடக்கியது, எதை விட்டுவிட்டது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. தண்டவாளத்தில் ஓடுகிற சிக்னல் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். டிஜிட்ராக்ஸ் கன்ட்ரோல் பெட்டியில் ரப்பீடோ கம்பெனி இன்ஜின் ஓடும், என்.சி.இ. பெட்டியில் சவுண்ட்ராக்ஸ் டிகோடர் பேசும். நாளைக்கு நீங்கள் பெட்டியை மாற்றினாலும் டிகோடரில் போட்ட காசு வீண்போகாது. ஆனால் வேகத்தை மாற்றக் கையில் பிடிக்கிற த்ராட்டில், பெட்டியுடன் பேசுகிற பாதை இருக்கிறதே, அதைத் தரப்படுத்தாமல் விட்டுவிட்டார்கள். டிஜிட்ராக்ஸுக்கு லோகோநெட், என்.சி.இ.-க்கு கேப் பஸ், லென்ட்ஸுக்கு எக்ஸ்பிரஸ்நெட். ஒன்றின் த்ராட்டிலை இன்னொன்றில் செருகினால் வேலை செய்யாது. ஆகவே நீங்கள் முதல் பெட்டி வாங்கும்போது உண்மையில் தேர்ந்தெடுப்பது, இனி வாங்கப்போகிற எல்லாத் த்ராட்டிலும் எந்த ஜாதி என்பதைத்தான்.

இப்போது நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சனிக்கிழமை வரும்போது தன் டிஜிட்ராக்ஸ் த்ராட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம். உங்கள் லோகோநெட் சாக்கெட்டில் செருகினால் அடுத்த நிமிடம் ஓட்டலாம். மூன்றாவது ஆளுக்கென்று நீங்கள் தனியாக ஒரு த்ராட்டில் வாங்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், இரவு ஒன்பது மணிக்கு ஒரு இன்ஜின் ஏதாவது பிடிவாதம் பிடித்தால் போன் பண்ணிக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார், அவர் கையிலும் அதே பட்டன்கள். டிஜிட்ராக்ஸ் கையேட்டைப் படித்துப் புரிந்துகொள்வது லேசான காரியமில்லை. பக்கத்தில் தெரிந்த ஒருவர் இருந்தால் அதைத் திறக்காமலே பாதி தூரம் போய்விடலாம். வாரா வாரம் ஒன்றாக ஓட்டுகிறவர்கள் ஒரே ஜாதி வைத்துக்கொள்வதுதான் நல்லது, ஆம்பியர் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் கடைக்காரர் சொன்னதும் தப்பில்லை. பவர் கேப்பில் எனக்குப் பிடித்தது அதன் பேச்சு. திரையில் முழு வாக்கியமாகக் கேட்கும், என்ன செய்ய வேண்டும், எந்த நம்பர், சரியா என்று. முதல் நாளே மகள் தானாக ஒரு இன்ஜினுக்கு நம்பர் போட்டுவிடுவாள். அதன் குறை ‘ப’ வடிவ லேஅவுட்டில்தான் கடிக்கும். அதில் கமாண்ட் ஸ்டேஷன் என்கிற மூளையே கைத் த்ராட்டிலுக்குள் இருக்கிறது. பெயரிலேயே இருக்கிற மாதிரி தண்டவாளத்துக்கான பவரும் அதன் வழியாகத்தான் போகிறது. ரயிலைப் பின்தொடர்ந்து மறுபக்கம் போவதற்காக நீங்கள் கேபிளைப் பிடுங்கினால், மகள் ஓட்டிக்கொண்டிருக்கிற ரயிலும் சேர்ந்து நின்றுவிடும். மூளையையும் பவரையும் தன்னிடமே வைத்துக்கொள்கிற எஸ்.பி.5 என்ற 5 ஆம்பியர் பூஸ்டரை வாங்கி இணைத்தால் இந்தத் தொல்லை போய்விடும், ஆனால் உங்கள் பட்ஜெட்டும் அதோடு போய்விடும்.

ஸெஃபர் எக்ஸ்பிரஸ் மேஜை மேல் உட்கார்ந்திருக்கிற பெட்டி. முகப்பில் பெரிய நாப் ஒன்று, முன்னால், பின்னால், பிரேக் என்று ஒரு லீவர். நகராது, அதனால் யாரும் பிடுங்கி அணைக்கவும் முடியாது. 3 ஆம்பியர் தரும். கம்ப்யூட்டரில் இணைக்க யு.எஸ்.பி. உள்ளேயே இருக்கிறது. டிகோடருக்கு நம்பர் போடுவதற்கான புரோகிராமிங் டிராக்குக்குத் தனி இணைப்பு உண்டு. பவர் கேப்பில் அது தனியாகக் கிடையாது, முழு லேஅவுட்டையும் காலி செய்துவிட்டு ஒரே இன்ஜினை வைத்து நம்பர் போட வேண்டும். மறந்துவிட்டால் தண்டவாளத்தில் நின்ற எல்லா இன்ஜினுக்கும் ஒரே நம்பர் விழும்.

ஸெஃபரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு த்ராட்டில் ஒரு இன்ஜினை எடுத்துக்கொண்டால் அது அந்த த்ராட்டிலின் சொத்து. நண்பர் ஒரு இன்ஜினை எடுத்து ஓட்டிவிட்டு, விடுவிக்காமல் கேபிளைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த நிமிடமே உங்கள் மகள் அதே நம்பரைக் கூப்பிடும்போது ‘வேறொருவரிடம் இருக்கிறது, பறிக்கவா?’ என்கிற அர்த்தத்தில் கேட்கும். பறித்துக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் போகும்போது இன்ஜினை விடுவித்துவிட்டுப் போவதை எல்லாரும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மகளுக்கு என்ன? அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டி.சி.சி.-ஈ.எக்ஸ். திறந்த மூலத் திட்டம். ஆர்டுயினோ மெகா என்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டும், அதன் மேல் செருகுகிற ஒரு மோட்டார் ஷீல்டும் இருந்தால் நீங்களே கட்டிக்கொள்ளலாம், தயாராகச் செய்த போர்டும் கிடைக்கிறது. விலை கம்பெனிப் பெட்டிகளைவிட நன்றாகவே குறைவு. வைஃபை வசதியுள்ள போர்டு என்றால் போன் நேராகச் சேரும். நண்பர் இல்லாமல், நீங்களும் மகளும் மட்டும், இருவரும் போனிலேயே ஓட்டத் தயார் என்றிருந்தால் நானே அதைச் சொல்லியிருப்பேன். உங்கள் மகளுக்கு இந்த வேலையில் ஆர்வம் இருந்தால் பின்னால் இரண்டாவது பெட்டியாகக் கட்டட்டும், அதே இன்ஜின்கள் அதிலும் ஓடும்.

போனில் ஓட்டுவதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கண்ணாடித் திரையில் வேகத்தை மாற்ற வேண்டுமானால் திரையைப் பார்த்தாக வேண்டும். பெட்டிகளைக் கோர்க்க மெதுவாகப் பின்னால் தள்ளும்போது கண் கப்ளர் மேல் இருக்க வேண்டும், விரல் தானாக நாபைத் தேடிப் போக வேண்டும். ஆண்ட்ராய்டில் ‘இன்ஜின் டிரைவர்’ என்ற ஆப்பில் போனின் வால்யூம் பட்டன்களை வேகக் கட்டுப்பாட்டுக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம், அது ஓரளவுக்கு உதவும். இதை ஸெஃபரிலும் செய்யலாம்: பழைய லேப்டாப் ஒன்றில் ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருளை ஏற்றி, யு.எஸ்.பி. கேபிளால் ஸெஃபரோடு இணைத்துவிட்டால், வீட்டு வைஃபை வழியாக மகளின் போன் த்ராட்டிலாகிவிடும். முதல் இரண்டு மாதம் அப்படி ஓட்டட்டும். போன் போதும் என்றால் காசு மிச்சம். போதாது என்றால் டிஜிட்ராக்ஸின் யு.டி. வரிசையில் சின்னதாக ஒரு கைத் த்ராட்டில் வாங்கிக் கொடுங்கள். அதைக் கடையில் அவள் கையிலேயே கொடுத்துப் பார்த்து வாங்குங்கள், நாபின் அளவும் பிடிப்பும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஈ-இஸட் கமாண்ட் வேண்டாம். நல்ல பொம்மைதான், ஆனால் ஒற்றை இலக்க நம்பர்களோடு முடிந்துவிடும், உங்கள் எஃப்-40-க்கு அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கிற நான்கு இலக்க நம்பரைப் போட முடியாது. டிகோடரின் உள் அமைப்புகளான சி.வி.-க்களையும் அதில் மாற்ற முடியாது. 50 டாலருக்கு ஒரு நல்ல டிகோடர் வரும்.

3 ஆம்பியர் போதுமா என்று அடுத்து கேட்பீர்கள். இப்போதைய எச்.ஓ. இன்ஜின்கள் சவுண்டோடு சேர்த்து அரை ஆம்பியரை ஒட்டித்தான் இழுக்கும். மூன்று பேர், நான்கு இன்ஜின், கூடவே நிற்கிற இன்ஜின்களின் சத்தம், எல்லாம் சேர்ந்து இரண்டரைக்குள் அடங்கும். பயணிகள் பெட்டிகளில் பழைய குமிழ் பல்புகள் இருந்தால்தான் கணக்கு கெடும். பல்பு ஒன்றுக்கு 50 மில்லி ஆம்பியர் என்றாலும், பெட்டிக்கு இரண்டு, பெட்டிகள் பத்து என்று போட்டால் விளக்குக்கே ஒரு ஆம்பியர். எல்.இ.டி.க்கு மாற்றிவிடுங்கள். 5 ஆம்பியர், 8 ஆம்பியர் பெட்டி இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். 15 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 75 வாட். என் மேஜை மேல் இருக்கிற சால்டரிங் அயர்ன் 60 வாட்தான். தடம் புரண்ட ஒரு இன்ஜின் வழியாக அவ்வளவு சக்தி சில நொடிகள் ஓடினால், சக்கரங்களைத் தாங்குகிற போகியின் பிளாஸ்டிக் உருகும். வீட்டு லேஅவுட்டுக்கு சின்னப் பெட்டிதான் பத்திரம்.

சரி, பழைய எட்டு இன்ஜின்கள். எல்லாவற்றுக்கும் போட வேண்டாம். சில சிஸ்டங்களில் டிகோடர் இல்லாத ஒரு இன்ஜினை 0 என்ற நம்பரில் ஓட்ட முடியும். அதைப் பழக்கமாக்காதீர்கள், நிற்கும்போதுகூட மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகிச் சூடாகிக்கொண்டே இருக்கும். எட்டில் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த இரண்டு மூன்றை எடுத்து வையுங்கள். மற்றவற்றை அலமாரியில் நிறுத்துங்கள், அல்லது விற்று டிகோடருக்குக் காசாக்குங்கள்.

தேர்ந்தெடுத்தவற்றின் அட்டைப்பெட்டியில் ‘டி.சி.சி. ரெடி’ என்று எழுதியிருந்தால் டிகோடர் உள்ளே இருக்கிறது என்று அர்த்தமில்லை, அதைச் செருகுவதற்கு ஒரு சாக்கெட் இருக்கிறது என்று மட்டும்தான். பெரும்பாலும் 8 பின் அல்லது 21 பின். மேல் கூட்டைக் கழற்றி, அங்கிருக்கும் டம்மி பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிகோடரைச் செருகினால் வேலை முடிந்தது. சத்தமில்லாத டிகோடர் என்றால் 30-லிருந்து 50 டாலருக்குள் கிடைக்கும். சத்தத்தோடு வேண்டுமானால் நூறைத் தாண்டும். பழைய இன்ஜின்களுக்கு சத்தம் இல்லாததே போதும், எஃப்-40 ஒன்றே வீட்டில் இருக்கிறவர்களுக்குப் போதுமான சத்தம் போடும்.

அந்த எட்டில் நீல அட்டைப்பெட்டியில் வந்த பழைய ஆதர்ன் இன்ஜின்கள் இருக்கும் என்று நினைக்கிறேன், வட அமெரிக்காவில் எச்.ஓ. வைத்திருக்கிறவர் வீட்டில் ஒன்றாவது இல்லாமல் இருக்காது. அவற்றில் சாக்கெட் கிடையாது. அதோடு மோட்டாரின் கீழ்ப்பக்க பிரஷ், ஒரு செம்புத் தகடு வழியாக உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சட்டம் ஒரு பக்கத் தண்டவாளத்தோடு இணைந்தது. டி.சி.யில் அதுதான் கரண்ட் வரும் வழி. டி.சி.சி.-யில் மோட்டாரின் இரண்டு பிரஷும் டிகோடரோடு மட்டும்தான் பேச வேண்டும். சட்டத்தைத் தொட்டால், பவர் போட்ட கணத்தில் டிகோடர் புகைந்துவிடும். அதனால் மோட்டாரை வெளியே எடுத்து, கீழ்த் தகட்டில் சட்டத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் நாக்குகளைத் தட்டையாக்கி, சட்டத்தின் மேல் கரண்ட் கடத்தாத கேப்டன் டேப் ஒட்டி, மோட்டாரைத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். டிகோடரின் சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. இந்த நிறக் கணக்கும் என்.எம்.ஆர்.ஏ. தரம்தான், எந்தக் கம்பெனி டிகோடரிலும் மாறாது. கடைசியில் டிகோடரை இணைப்பதற்கு முன்னால் மல்டிமீட்டரில் ஒவ்வொரு பிரஷுக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கேயாவது ‘பீப்’ கேட்டால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மறுபடி பிரியுங்கள்.

இன்னொரு பரிசோதனையும் செய்யுங்கள். பழைய பவர் பேக்கில் 12 வோல்ட் வைத்து, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணைத்து, மோட்டாரோடு சுற்றுகிற ஃப்ளைவீல் சக்கரத்தை ஒரு நொடி விரலால் பிடித்து நிறுத்தினால் எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும். டிகோடரின் தாங்கும் அளவு அதற்கு மேலே இருக்க வேண்டும். பழைய மோட்டார் ஒன்றரை ஆம்பியருக்கு மேல் இழுத்தால் அதற்கு டிகோடர் வாங்குவதைவிடப் புது மோட்டார் வாங்குவது நல்லது.

அப்புறம் வயரிங். டி.சி.சி. என்றால் இரண்டே கம்பி போதும் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். சின்ன வட்டத்துக்கு அது சரி. உங்கள் அளவுக்கு லேஅவுட்டின் அடியில் முழு நீளத்துக்கும் 14 கேஜ் கம்பி இரண்டு ஓட வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு மூன்றடித் தண்டவாளத் துண்டுக்கும் 22 கேஜில் ஒரு ஜோடி இணைப்பு ஏற வேண்டும். தண்டவாளங்களைச் சேர்க்கிற ஜாயினர்களை நம்பாதீர்கள், பேஸ்மென்ட் ஈரத்தில் இரண்டு குளிர்காலம் போனால் அவை கடத்துவதை நிறுத்திக்கொள்ளும். உங்கள் பன்னிரண்டு ஸ்விட்ச்சையும் உடனே பிடுங்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பிறகு மெதுவாகக் கழற்றலாம்.

ஆனால் பழைய பவர் பேக்கை மட்டும் முதல் நாளே கழற்றி வேறு அறையில் வையுங்கள். ஒரு ஸ்விட்ச்சில் டி.சி., மறுபக்கம் டி.சி.சி. என்று வைத்து, தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் செய்கிறார்கள். இரண்டு பிளாக்குக்கு நடுவே ஒரு இன்ஜின் நின்றால் அதன் சக்கரங்கள் இரண்டையும் இணைத்துவிடும். பெட்டி போகலாம், டிகோடர் போகலாம், இரண்டும் போகலாம்.

வயரிங் முடிந்ததும் ஒரு 25 சென்ட் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பவரைப் போட்டு, இரண்டு தண்டவாளத்தின் குறுக்கே நாணயத்தை வையுங்கள். ஸெஃபர் உடனே ஷார்ட் என்று கண்டுபிடித்து அணைய வேண்டும். நாணயத்தை எடுத்ததும் திரும்ப வர வேண்டும். இப்படி இரண்டு மூன்றடிக்கு ஒரு முறை, சைடிங் என்கிற கிளைப் பாதைகளின் கடைசி வரை. எங்கேயாவது அணையாமல் நாணயம் சூடாகிறது என்றால் அந்த இடத்துக்கு கரண்ட் ஒழுங்காகப் போகவில்லை. அங்கே இன்னொரு ஜோடி இணைப்பு ஏற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் பிறகு உருகிய போகியை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

உங்கள் லூப். ரயில் சுற்றி வந்து அதே பாதையில் திரும்பச் சேரும்போது இடது தண்டவாளம் வலதைத் தொடும், ஷார்ட். டி.சி.யில் அதற்கென்று ஒரு ஸ்விட்ச் வைத்துக் கையால் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். டி.சி.சி.-யில் ஒரு ஆட்டோ ரிவர்ஸர் வாங்கிப் போட்டால் அந்த வேலையே இல்லை. இன்ஜின் இடைவெளியைத் தாண்டும்போது ஷார்ட்டை உணர்ந்து, ரயில் தடுமாறுவதற்குள் லூப்பின் துருவத்தை மாற்றிவிடும். டி.சி.சி. இன்ஜினுக்குத் துருவம் முக்கியமில்லை என்பதால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். டிஜிட்ராக்ஸிலேயே உண்டு, வேறு கம்பெனியுடையதும் ஒத்துவரும். லூப்பின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டிப் பிரிக்க வேண்டும், நான்கு வெட்டு. உலோகச் சக்கரப் பெட்டிகள் இரண்டு முனையிலும் ஒரே சமயத்தில் வெட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே பிரித்த பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். 85 அடிப் பயணிகள் பெட்டி எச்.ஓ.-வில் ஏறத்தாழ ஓர் அடி. ஆறு பெட்டியும் இரண்டு எஃப்-40-ம் சேர்ந்தால் ஏழரை அடியைத் தொடும். உங்கள் லூப் 24 அங்குல ஆரத்தில் இருந்தால் சுற்றளவு 12 அடிக்கு மேல், தாராளம். 18 அங்குலம் என்றால் ஒன்பதரை அடிக்குக் கிட்டே வரும், இடம் இருக்கிறது, ஆனால் அவ்வளவு நெருக்கமான வளைவில் அந்த நீளப் பெட்டிகளே தடம் புரளும். அது வேறு கதை.

காசுக் கணக்கு: ஸெஃபர், ஆட்டோ ரிவர்ஸர், கம்பி, இரண்டு சாதா டிகோடர், இவ்வளவுதான் இப்போது. 600-இல் அடங்கும், கொஞ்சம் இழுத்தால் அந்தக் கைத் த்ராட்டிலைப் பிறந்தநாள் வரை தள்ளிப்போடுங்கள். மூலையில் நண்பர் செருகுவதற்கு ஒரு லோகோநெட் சாக்கெட் பேனல் வேண்டும், அதற்கு ஆறு கம்பியுள்ள தட்டை கேபிள்தான் வாங்க வேண்டும். டாலர் கடையில் தொங்குகிற டெலிபோன் கேபிளில் நாலு கம்பிதான் இருக்கும், சில சமயம் இரண்டே. பிளக் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

முதல் நாள் எஃப்-40-ஐ மட்டும் வைத்து ஓட்டுங்கள். புதிதாக வருகிற எந்த டிகோடருக்கும் நம்பர் 3. ஸெஃபரில் 3-ஐக் கூப்பிட்டால் அசைய வேண்டும். அசைந்த பிறகு, புரோகிராமிங் டிராக்கில் வைத்து அதன் நான்கு இலக்க நம்பரைப் போடுங்கள். குழப்பிவிட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான டிகோடர்களில் சி.வி. 8-இல் 8 என்று எழுதினால் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும், மறுபடியும் 3.

கடிதத்தில் கேட்கவில்லை, ஆனால் சீக்கிரமே இன்னொரு எஃப்-40 வாங்கி இரண்டையும் சேர்த்து இழுக்க வைக்கலாமா என்று மகள் கேட்பாள். வைக்கலாம். ஆனால் கோர்ப்பதற்கு முன்னால் இரண்டையும் ஓர் அடி இடைவெளியில் ஒரே தண்டவாளத்தில் நிறுத்தி, ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். இடைவெளி குறைந்தாலோ கூடினாலோ ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டோ தள்ளிக்கொண்டோதான் ஓடும், மோட்டார் இரண்டுமே சூடாகும். வேகமாக ஓடுகிறதன் சி.வி. 5-ஐக் குறைத்து மேல் வேகத்தையும், சி.வி. 6-ஐ மாற்றி நடு வேகத்தையும், சி.வி. 2-ஐ மாற்றிக் கிளம்பும் வேகத்தையும் ஒன்றாக்குங்கள். அரை மணி நேர வேலை. பிறகு ஸெஃபரில் இரண்டையும் ஒரு ஜோடியாகச் சேர்த்துவிட்டால், ஹாரன் பட்டனை அழுத்தும்போது முன்னால் இருக்கிற இன்ஜின் மட்டும்தான் ஊதும், பின்னால் இருக்கிறது வாயை மூடிக்கொண்டு தள்ளும்.